யார் மேல் தப்பு என்ற போட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வழக்கம்போல எழுதப் போனேன், கை வரவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு நேரே செய்திக்கு வருகிறேன்.

இந்தக் கடிதத்தை உன் மேல்வீட்டு டீச்சரிடம் கொடுத்தனுப்புகிறேன். விடுமுறைக்கு இந்தப் பக்கம் வந்தவர் நம் வீட்டுக்கும் வந்து போனார். ஏன் போனில் சொல்லவில்லை என்று நீ கேட்க மாட்டாய். உன் போன் எந்த நேரத்தில் யார் கையில் இருக்கும் என்று நம் இருவருக்குமே தெரியும். படித்ததும் டீச்சரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

முதலில் சினிமாச் செய்தி. அது இல்லாமல் நமக்குள் எப்போது பேச்சு தொடங்கியிருக்கிறது? உன் அபிமான கதாநாயகர் மறுபடியும் கல்லூரி மாணவராக நடித்திருக்கிறார். புத்தகப் பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார், பாவம், மூச்சு வாங்குகிறது. அதை மறைக்கப் பின்னணியில் ஒரு வண்டி வயலின். "வயசானா என்னடி, அந்த நடை யாருக்கு வரும்?" என்று நீ சண்டைக்கு வருவாய். நடையை நான் குறை சொல்லவில்லை. அதற்கேற்ற வேஷம் கட்டச் சொல்கிறேன். ஒரு படத்தில் அப்பாவாக நடித்தால் குடி முழுகிவிடுமா?

அடுத்தது, இந்த வருஷம் ஊரையே ஆட்டி வைத்த அந்தக் குத்துப்பாட்டு. பல்லவியில் மொத்தமே நாலைந்து சொற்கள்தான். அவற்றையே புரட்டிப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். பாத்திரக்கடை அலமாரி சரிந்த மாதிரி மேளம். ஆனால் கடைசிச் சரணத்துக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் வருகிறது பார், அதை வாசித்தவருக்கு ஒரு கும்பிடு. அந்த இடத்துக்காகவே நான் முழுப் பாட்டையும் பொறுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் போனில் இதைப் பற்றித்தான் உன்னிடம் கேட்டேன். "எந்தப் பாட்டு?" என்றாய்.

அக்கா, பேருந்தில் அந்தப் பாட்டு. முடிவெட்டும் கடையில் அந்தப் பாட்டு. பல் பிடுங்கப் போனால் அங்கேயும் அதுதான். உன் ஊரிலும் இதே கதை என்று டீச்சர் சொல்கிறார். முதல் இசை கேட்டதுமே படம், பாடியவர், இசையமைத்தவர் என்று அடுக்குகிறவள் நீ. உனக்கா அந்தப் பாட்டு தெரியவில்லை? "வீட்ல பாட்டு வைக்கிறதில்லடி. அவருக்குத் தலைவலி வருது" என்றாய். அவர் வேலைக்குப் போன பிறகு யாருக்குத் தலைவலி என்று கேட்க வாயெடுத்தேன். கதவு திறக்கிற சத்தம் வந்தது. நீ போனை வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு உன்னோடு மனம் விட்டுப் பேச எனக்கு வழியில்லை. அதனால் வானொலியில் நான் பேசியதையும் அதனால் வந்ததையும் நீ யார் வாயிலோ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். என் வாயாலேயே கேள்.

தேன்குரல் என்று நாம் பெயர் வைத்த பாடகரை நினைவிருக்கிறதா என்று கேட்டால் அடிக்க வருவாய். அவர் படத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தவள் நீ. அம்மா கிழித்தால் மறுநாள் வேறொன்று முளைக்கும். அவர் மனைவி, நாம் மின்னல் என்று கூப்பிடுவோமே அந்த நடிகை, வீட்டை விட்டு வந்துவிட்டார். பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டபோது, "பயந்துகிட்டே இருக்கிறது வாழ்க்கை இல்ல. இனிமே அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் காலை எங்கள் வானொலி நிலையத்தில் ஒரே குதூகலம். நிகழ்ச்சி மேலாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மைக் முன்னால் வைத்தார். 'யார் மேல தப்பு?' என்று நேயர் போட்டி. போன் பண்ணிக் கருத்துச் சொல்ல வேண்டும். பரிசு, தேன்குரலின் கச்சேரிக்கே இரண்டு டிக்கெட். கச்சேரியை நடத்துவதில் நிலையத்துக்கும் பங்கு உண்டு. கல்யாண முறிவை வைத்துச் சீட்டுக் குலுக்குகிறோமே என்றேன். "இதெல்லாம் சும்மா ஜாலிக்கும்மா. நீ சிரிச்சுகிட்டே படி" என்றார்.

எத்தனையோ வருஷமாக நட்சத்திரங்களின் வம்புகளைச் சிரித்துக்கொண்டே படித்து வந்தவள்தான் நான். அன்றும் படித்தேன். என்னோடு நிகழ்ச்சி நடத்துபவரை நேயர்கள் குஷி அண்ணன் என்பார்கள். அவர் ஒரு சிரிப்புச் சத்தத்தை ஓடவிட்டார். முதலில் ஒரு பெரியவர் வந்தார். "இவ்வளவு உருகிப் பாடுறவன் எப்படிம்மா கை நீட்டுவான்? அந்தப் பொண்ணுக்குத்தான் கொழுப்பு" என்றார். அடுத்து ஒரு கல்லூரிப் பெண், "படத்துல எல்லாம் சிரிச்சுகிட்டுத்தானே இருந்தாங்க?" என்றாள். குஷி அண்ணன் இரண்டுக்கும் ஜோக் அடித்தார்.

பிறகு ஒரு பெண் வந்தாள். குரலே இல்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. யார் மேல் தப்பு என்று அவள் சொல்லவில்லை. "அவங்க எப்படிங்க வெளியே வந்தாங்க?" என்று கேட்டாள். "கதவு பூட்டியிருக்குமே?"

குஷி அண்ணன் சிரிப்புச் சத்தத்துக்கு நீட்டிய கையை எடுத்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர், இணைப்பை வெட்டு என்று விரலால் காட்டினார். நான் வெட்டவில்லை. போனில் அவள் பக்கம் ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. இணைப்பு தானாகவே அறுந்தது.

அது உன் குரல் இல்லை, அக்கா. எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் நான் சொன்ன பதில் அவளுக்கு மட்டுமானது இல்லை.

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னேன்: "இந்தப் போட்டியை நான் இதோட நிறுத்துறேன். இவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவ நான். குரல் நல்ல குரல்தான். ஆனா குரல் இனிமையா இருக்குங்கிறதுக்காக வீடும் இனிமையா இருந்திருக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அந்த வீட்ல இருந்தவங்க அவங்க. அவங்க சொல்றதை நான் நம்புறேன். இப்ப பேசின சகோதரி எங்கேயிருந்தாலும் கேளுங்க. வெளியே வர்றது தப்பு இல்ல. நம்பிக்கையா ஒரு ஆள்கிட்ட மட்டும் சொல்லி வைங்க. ஒரு ஆள் போதும்."

பிறகு பாட்டு போட்டேன். தேன்குரலின் பாட்டு இல்லை.

அடுத்த நாட்களில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தேன்குரலின் ரசிகர்கள் என்னைப் பற்றி எழுதாத வசை இல்லை. நடிகையிடம் கைக்கூலி வாங்கினேனாம், எனக்குக் கல்யாணம் ஆகாத வயிற்றெரிச்சலாம். மேலாளர் கூப்பிட்டு, நேயர்கள் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறேன் என்று வானொலியிலேயே படி, விஷயம் முடிந்துவிடும் என்றார். குஷி அண்ணன் நல்லவர். தனியாகக் கூட்டிப் போய், "ரெண்டு வரிதானேம்மா, படிச்சுட்டுப் போயேன். நானா இருந்தா படிச்சிருப்பேன்" என்றார். அவர் படித்திருப்பார். அதில் எனக்குக் கோபம் இல்லை.

நான் மைக் முன்னால் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நான் சொன்னதுல ஒரு வார்த்தைகூட மாத்துறதா இல்லை. வணக்கம்" என்றேன். அன்று மாலையே, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கவலைப்படாதே. இப்போது ஒரு டப்பிங் கூடத்தில் வேலை. குழந்தைகளுக்கான பொம்மைப் படத்தில் அணிலுக்குக் குரல் கொடுக்கிறேன். நாள் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்து பேசினால் அம்மா காதைப் பொத்திக்கொள்கிறார். தேன்குரலின் கச்சேரியும் நடந்தது. உனக்கு ஏன் பொய் சொல்ல வேண்டும், அரங்கம் நிரம்பி வழிந்தது. நான் பேசியதால் உலகம் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. ஆனால் மின்னல் புதுப் படத்தில் நடித்துக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். நேராக நிற்கிறார்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நான் வானொலியில் பேசிவிட்டு வந்த அன்று அவர் என்னைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. "ஊர்ப் பொண்ணுங்களை எல்லாம் வீட்டை விட்டு வரச் சொல்றியா? அனுசரிச்சுப் போறவ எல்லாம் முட்டாளா?" என்று கேட்டார். உன்னிடமும் அதைத்தானே சொல்லிச் சொல்லி அனுப்பினார். நான் வாதாடவில்லை. வாதாடி அம்மாவை ஜெயித்தவர் யார்?

டீச்சர் வந்தார். தேநீர் குடித்தார். உன்னைப் பற்றி அம்மா பெருமையாக, "என் பெரிய பொண்ணு அமைதியானவ, அவ இருக்கிற இடமே தெரியாது" என்றார். டீச்சர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாங்கம்மா. பகல்ல உங்க பொண்ணு வீட்ல ஒரு சத்தமும் வராது. அவர் வந்த பிறகுதான் வரும்" என்றார். அம்மா டீச்சரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, நேராக உன் பழைய அறைக்குப் போனார். அங்கே வைத்திருந்த தையல் இயந்திரத்தைத் தனியாளாக இழுக்க ஆரம்பித்தார். முட்டி வலிக்காரி! ஓடிப்போய்ப் பிடித்தேன். "கட்டிலை ஜன்னல் பக்கம் போடு. அவளுக்குக் காத்து வந்தாதான் தூக்கம் வரும்" என்றார். முகத்தை எனக்குக் காட்டவே இல்லை.

ஆக, அறை தயார். அலமாரி காலி. இனி நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு, எந்த நாளானாலும் சரி, மேல்வீட்டுக் கதவைத் தட்டு. பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டாவது ரயில் நிலையம்வரை கூட வருவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். நீ வண்டியில் ஏறியதும் அவர் எனக்குச் சொல்லிவிடுவார், இங்கே நடைமேடையில் நான் நிற்பேன். பெட்டி கட்டாதே, கட்டினால் கண்ணில் படும். உடுத்திய துணியோடு வா. என் துணியெல்லாம் உனக்குச் சரியாக இருக்கும், கொஞ்சம் தொளதொள என்றிருந்தால் மட்டும் சிரிக்காதே. என்ன நடந்தது, ஏன் வந்தாய் என்று ஒருவரும் உன்னைக் கேட்க மாட்டோம். ஊர் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன், இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பயமாக இருந்தால் பயத்தோடேயே வா. பயம் போகட்டும் என்று காத்திருக்காதே.

உனக்கு எழுதும்போதெல்லாம் கடைசியில் அம்மாவிடம் என்ன எழுதட்டும் என்று கேட்பேன். மாப்பிள்ளை மனம் கோணாமல் நடந்துகொள்ளச் சொல்லு என்பார். இன்றும் கேட்டேன். அடுப்பை அணைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எந்நேரமானாலும் வரட்டும், தட்ட வேண்டியதில்லைன்னு எழுது. நான் முழிச்சுகிட்டுத்தான் இருப்பேன்."

எழுதிவிட்டேன், அக்கா.

உன் வழி பார்த்திருக்கும்
தங்கை