பதில் பெட்டியை நலம் விசாரித்தது

மார்ச் 3, திங்கள்
நாமக்கல் அலுவலகத்தில் இன்று பிரவீனா என்ற பெண் சேர்ந்தாள். எங்கள் லாரித் தொழில் விதி இதழை இணையத்தில் ஏற்றப் போகிறாளாம். பெர்மிட், வரி, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று என எந்தச் சந்தேகத்தையும் ஒரு பெட்டியில் தட்டினால் உடனே பதில் வரும். இதுவரை தொலைபேசியில் அந்தப் பதில்களைச் சொல்லி வந்தவன் நான். முதலாளி குணசீலன் என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரித்தார்?

மார்ச் 4
மனைவி தெய்வநாயகியிடம் சொன்னேன். "ஏனுங்க, சிரிச்சாருன்னா சிரிச்சுட்டுப் போறாரு. அதுக்குச் சோத்தை வெச்சுட்டு எந்திரிக்கறதா?" என்றாள். வேலை போனால் நாள் முழுக்க வீட்டிலேயே இருப்பேனே என்றேன். அவளும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 6
அதற்குள் பெட்டி வந்துவிட்டது. மதியம் ஆளில்லாத நேரத்தில் அதைச் சோதித்தேன். எடுத்த எடுப்பில் காரியத்தைக் கேட்பது முறையல்ல. "வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டாச்சுங்களா? ஒரு வண்டிக்கு நேஷனல் பெர்மிட் முடியப் போகுதுங்க" என்று தட்டினேன். "உணவு பற்றிய தகவல் எங்களிடம் இல்லை" என்றது. சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டது தவறோ?

யாருக்குத் தெரியப் போகிறது என்ற தைரியத்தில் இன்னொன்றும் கேட்டேன். "தப்பா நெனச்சுக்காதீங்க. வயசு எழுபத்திரண்டுங்க. இன்னும் வேலைக்கு வெச்சுக்குவாங்களா?"

பழைய வண்டிகளுக்கான தகுதிச் சான்று விதிகளைக் காட்டியது. கீழே, "பதில் பயன்பட்டதா?" என்று ஒரு கேள்வி. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமல்லவா? "இல்லை" என்று அழுத்தினேன்.

மார்ச் 10
ஐயோ! "இல்லை" என்று அழுத்தினால் அந்தக் கேள்வி நேராக முதலாளியின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுமாம் —

குணசீலன் எல்லோர் முன்னாலும் வாசித்தார். "எழுபத்திரண்டு வயசுல எந்த லாரிங்க ஓடுது?"

கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். "நாந்தானுங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள், பிரவீனாவைத் தவிர. "திருச்செங்கோட்டுக்காரர் ஒருத்தர் மொதல்ல அங்க மழைங்களான்னு கேட்டிருக்கார் சார். பெட்டி, தெரியாதுன்னுருச்சு. கோவிச்சுட்டுச் சந்தாவே வேண்டாம்னுட்டார். எல்லாரும் உங்களாட்டந்தான் கேக்கறாங்க. நான் பெட்டிக்குப் பரீட்சைக் கேள்வியாவே குடுத்துப் பழக்கி வெச்சுட்டேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருங்க சார்."

"அப்பப் போன் எடுக்கறதை விட்டுருங்க," என்றார் முதலாளி. "இனிமேல் சந்தேகப்படறதுதான் உங்க வேலை."

தெய்வநாயகி நம்பவில்லை. "ஊட்டுல சும்மாவே பண்றீங்க. அதுக்குச் சம்பளம் வேறயா?"

மார்ச் 12
நாள் முழுவதும் சந்தேகப்பட்டேன். ஒழுங்காகச் செய்தேனா என்று தெரியவில்லை.

மார்ச் 24
இன்று, "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"எனக்குச் சோறு கெடையாதுங்க. நீங்க சாப்பிட்டு வந்து வண்டி விசயத்தைச் சொல்லுங்க" என்றது.

போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் மீதியைக் கேட்டேன்.