அம்மாவின் மூன்றாவது சிறுநீரகம்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே மூன்று சிறுநீரகங்களோடு உன் அம்மாவும், ஒன்றோடு உன் அத்தையும், வழக்கம்போல இரண்டோடு நானும் சௌக்கியம். அங்கே அந்தக் குளிரில் நீயும் உன் இரண்டும் எப்படி இருக்கிறீர்கள்? ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் உன் அம்மா புகுந்து மூன்று வரி திருத்துவாள், பக்கத்து அறையிலிருந்து அத்தை நாலாவது வரியைக் கத்துவாள். அதோடு, பத்து நாளாக நாங்கள் மூவரும் கூட்டுச் சேர்ந்து உன்னிடம் மறைத்த ஒரு விஷயமும் இருக்கிறது. முடிவு நல்ல முடிவுதான், அதனால் பதறாமல் உட்கார்ந்து படி.

நீ விமானம் ஏறிய மறுநாளே அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். பழைய இரண்டும் முதுகுப் பக்கம் விலா எலும்புக்குக் கீழே அப்படியேதான் இருக்கின்றனவாம், வேலையை விட்டும் நாற்காலியை விடாத ஆட்கள் மாதிரி. அத்தை கொடுத்ததை முன்பக்கம் வலது அடிவயிற்றில் வைத்து, அதிலிருந்து இறங்கும் குழாயைச் சிறுநீர்ப்பையோடு தைத்திருக்கிறார்கள். தையல் என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, என்ன நூல் என்று கேட்டேன். தானாகக் கரைந்துபோகும் நூல் என்றார். நாற்பது வருஷமாகச் சட்டைத் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் நான், கரைகிற நூலை நம்பி ஒரு பொத்தான்கூட வைக்கமாட்டேன். நூல் கரைவதற்குள் சதையே சதையோடு கூடிவிடும் என்று அவர் சொன்ன பிறகுதான் மனசு ஆறியது. ஒரு கைப்பிடி அளவு உறுப்பு, அதற்குள் பத்து லட்சம் வடிகட்டிகளாம். நாளெல்லாம் இரத்தத்தை வடித்து, வேண்டிய தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேண்டாததை மட்டும் சொட்டுச் சொட்டாகக் கீழே அனுப்புகிறதாம். எங்கள் பட்டறையில் இப்படி ஒரு ஆள் இருந்தால் முதலாளி தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்.

வீட்டில் தினமும் கொண்டாட்டம்தான். இரண்டு வருஷமாக உன் அம்மாவுக்குச் சிறுநீரே கிட்டத்தட்ட நின்றுபோயிருந்ததல்லவா, வேலையில்லாத பை சுருங்கிவிட்டதாம். அதனால் அரை டம்ளர் சேர்ந்தாலே அரை மணிக்கொரு தரம் ஓடினாள். போகப் போக விரிந்து மூன்று நாலு மணி நேரம் தாங்கும் என்றார்கள். அளவு ஜாடியோடு வெளியே வந்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நூற்றைம்பது என்பாள், இருநூறு என்பாள். நான் நோட்டில் எழுதுவேன். அத்தை தன் சலவைக் கடையை மூடிவிட்டு வந்ததும் முதல் வேலையாக நோட்டைப் புரட்டி, "யாரோடதுன்னு நினைச்சீங்க" என்று மீசை இல்லாத குறையாக முறுக்குவாள். நாத்தனார் சண்டை மட்டும் நின்றபாடில்லை. திரைச்சீலைக்கு என்ன நிறம் என்பதில் ஆரம்பித்து, "என்னை எதிர்த்துப் பேசினா உள்ளே இருக்கிற என் கிட்னி வேலைநிறுத்தம் பண்ணிடும், பாத்துக்கோ" என்று அத்தை மிரட்ட, "உங்க வாயையும் சேர்த்து வெச்சுத் தைக்காம விட்டாங்களே, அந்த மட்டும் நிம்மதி அண்ணி" என்று உன் அம்மா சொல்ல, இருவரும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்க்க நீ இல்லையே என்றிருந்தது.

மூன்றாவது வாரம்தான் கொண்டாட்டம் நின்றது. நோட்டில் எண்கள் இறங்கின. நிறமும் கறுத்தது. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் வடியாமல் தங்கும் கழிவு கூடியிருந்தது. எப்போதும் சிரிக்கிற டாக்டரம்மா அன்று சிரிக்கவில்லை. உடம்பு புது உறுப்பை வேற்றாளாக நினைத்துச் சண்டை போடத் தொடங்கியிருக்கலாம், சேர்த்துவிடுங்கள், நாளை ஊசி விட்டு அதிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கும் என்றார். இந்தச் சிறுநீரகம் போனால் மறுபடி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், இன்னொன்று கொடுக்க யார் இருக்கிறார்கள்? உன் அத்தை வராந்தா பெஞ்சில் விலாவில் கை வைத்தபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அறுபத்திரண்டு வயதில் அவள் சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நான் குடுத்ததுல ஏதாவது குறையாடா?" என்று கேட்டாள்.

அப்போது கண்ணாடி போட்ட நர்ஸ் வந்து, அவங்க நாக்கே வறண்டிருக்கு, முதலில் தண்ணீர் கொடுங்கள், ஜக்கை நிரப்பிக்கொண்டு வாங்க என்றாள். வீட்டிலிருந்து கொண்டுபோன அந்த ஒரு லிட்டர் ஜக்குதான், நீயும் பார்த்திருக்கிறாய். டயாலிசிஸ் காலத்தில் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது என்று அதன் நடுவில் நான் சிவப்பு டேப் ஒட்டியிருந்தேன். குழாயைத் திறந்தேன், பிடித்தேன், மூடினேன். நர்ஸ் என்னையே பார்த்தாள். "ஏன் சார் பாதியிலேயே மூடிட்டீங்க?" என்றாள். அவ்வளவுதானேம்மா என்று சொன்னேன். சொன்ன வாயை மூடவில்லை, எனக்கே உறைத்துவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் கொடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் நாளுக்கு மூன்று ஜக்கு பிடித்து, நோட்டில் மூன்று லிட்டர் என்று எழுதிவந்தேன். ஆனால் இரண்டு வருஷம் பழகிய கை ஒவ்வொரு தடவையும் டேப்பிலேயே குழாயை மூடியிருக்கிறது! சுட்டெரிக்கிற இந்த வெயிலில் அரை வயிற்றுக்குத் தண்ணீர். அரை அங்குலம் பிசகி ஒரு துணி வெட்டியதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் நான். அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பைப் போல மூன்று மடங்கு கிடைக்கிறதே என்று அவள் அதையே விருந்தாக நினைத்திருக்கிறாள், பைத்தியக்காரி.

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஸ்கேன் எடுத்தார்கள், புதுச் சிறுநீரகத்துக்குள் இரத்தம் ஜம்மென்று ஓடியது. கையில் ஊசி குத்தி நீர் ஏற்றினார்கள், குடிக்கவும் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் கழிவு இறங்க ஆரம்பித்தது, துணுக்கு எடுக்கிற ஊசியே தேவைப்படவில்லை. மத்தியானம் உன் அம்மா ஜாடியை இரண்டு கையாலும் ஏந்தி வந்து நானூறு என்றாள். வார்டே கை தட்டியது. அத்தைக்குப் போன குரல் திரும்பி வந்துவிட்டது. "என் கிட்னியைத் துணி மாதிரி காயப் போட்டுட்டியேடா, பாவி!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு திட்டையும் நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். வீடு வந்ததும் அந்த டேப்பை அவளே நகத்தால் சுரண்டி எடுத்து என் சட்டைப் பையில் ஒட்டிவிட்டாள்.

இனி நான் எழுத வந்தது. அந்த இரண்டு வருஷமும் நான் உன் அம்மா எதிரில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அவள் ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, எனக்கு எப்படி இறங்கும்? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்து விட்டு, அந்தச் சத்தத்தில் குடிப்பேன். இது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். வீடு திரும்பிய அன்று சாப்பாட்டு மேஜையில் உன் அம்மா ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு டம்ளரைத் தளும்பத் தளும்ப ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள். "இனிமே கதவைச் சாத்திக்கிட்டுக் குடிக்க வேணாங்க. என் எதிர்லயே குடிங்க" என்றாள். குடித்தேன் கண்ணு. அழுதுகொண்டே குடித்தேன்.

நீயும் வேலை மும்முரத்தில் அடக்கிக்கொண்டு உட்காராதே, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. அம்மாவின் மாத்திரை நேரம் காலை எட்டு, இரவு எட்டு. உன் பக்கத்திலிருந்தும் ஒரு ஃபோன் போட்டு ஞாபகப்படுத்து, என் கையை இனி முழுசாக நம்பாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நிறைந்த ஆரோக்கியத்தோடு நீடூழி வாழ எங்கள் மூவரின் ஆசிகள்.

என்றும் உன் அன்பு அப்பா