நெருப்பு வராத மோட்டார் சைக்கிள்

மச்சான்,

நாலு நாளாக என் மேசையில் ஒரு பொதி இருக்கிறது. பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சுற்றி வைத்துவிட்டேன். ஆனாலும் அறை முழுக்க அதன் வாசம். பழைய கிறீஸும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம், உன் சட்டையில் எந்நாளும் இருந்தது. வெளியே கொண்டுபோய் வைக்கும்படி என் மனைவி இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

நீ போன பிறகு, உன் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்த மறு கிழமை ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். நான் முன் விறாந்தையில் இருந்தேன். அவர் கதவடியில் நின்று கதைத்தார். "இத ஒங்கட கையிலதான் குடுக்கோணும் எண்டு சொன்னார், ஆஸ்பத்திரிக்குப் போக முன்ன. ஏன் இவ்வளவு காலமும் வச்சிருந்த எண்டு கேட்டன். 'அவனுக்கு விளங்கும்' எண்டார். வேற ஒண்டும் சொல்லல்ல."

வீட்டுக்கு வந்து பிரித்தேன். உள்ளே மெக்னெட்டோ. வாப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு உரியது, எண் பொறித்த பித்தளைத் தகட்டோடு. எஞ்சினுக்கு நெருப்புக் கொடுக்கிற சாமான். நாம் இரண்டு பேரும் நான்கு வருடம் தேடியது.

உனக்குத் தெரியாத எதையும் இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை, கடைசியில் வரும் ஒன்றைத் தவிர. இருந்தாலும் முதலிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. எந்த இடத்தில் நான் கவனிக்காமல் விட்டேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வாப்பா வட்டவிதானையாக இருந்த காலத்தில் அந்த இங்கிலீசு மோட்டார் சைக்கிளில்தான் சாகாமம் வயல்வெளிக்குப் போய் வருவார். தண்ணீர்ப் பங்கீடு அவர் கையில். தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டால், களவாக வாய்க்காலை வெட்டித் தங்கள் வயலுக்குத் தண்ணீர் திருப்பினவர்கள் ஓடிப்போய் மண்ணை இழுத்து மூடுவார்களாம். யுத்தக் குழப்ப காலத்தில் வாப்பா வயலுக்குப் போவதை விட்டார், வண்டி பின்வளவுக் கொட்டிலுக்குள் போனது. பிறகு சுனாமியில் கடல் வந்தது. இரண்டு தெரு தள்ளி மணலுக்குள் இருந்து அதைத் தோண்டி எடுத்தபோது சட்டமும் எஞ்சினும்தான் மிச்சம். பெற்றோல் டாங்கி, மட்காட், காபரேட்டர், மெக்னெட்டோ ஒன்றும் இல்லை. பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்க வாப்பா விடவில்லை.

வாப்பா பாரிசவாதத்தில் விழுந்து வலப்பக்கம் இழுத்துப்போன வருடம் நீதான் வந்து சொன்னாய், "மாமாட மோட்டச் சைக்கிள எழுப்புவம் மச்சான்" என்று. நானாகக் கேட்கவில்லை. கல்முனையில் கராஜ் வைத்திருந்த உனக்கு வேலைக்குக் குறைவில்லை. அந்தச் சொல்லை நீ உண்மையாகத்தான் சொன்னாய் என்று இப்போதும் நம்புகிறேன். அப்போது உன் முகத்தில் வேறு எதுவும் இருக்கவில்லை.

நீ ஒரு கொப்பி போட்டாய். எந்தச் சாமான், என்ன எண், எங்கே கிடைக்கலாம் என்று. அந்த மாதிரி வண்டி ஒரு காலத்தில் யார் யாரிடம் இருந்தது என்று விசாரித்து ஊர் ஊராகப் போனோம். கோமாரியில் ஒரு மீன்பிடிகாரர் வீட்டில் டாங்கி கிடைத்தது. அதற்குள் மண்ணெண்ணெய் ஊற்றித் தென்னை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நீ குந்தியிருந்து, கத்தியால் துருவைச் சுரண்டி, அடியில் இருந்த எண்ணைக் கொப்பியோடு ஒத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய். மட்காட்டுக்காகப் பதுளைக்குப் போய், மழையில் நனைந்து, வெறுங்கையோடு வந்து, அடுத்த மாதம் திரும்பவும் போனோம். நகல் சாமான்கள் கொழும்பில் எத்தனையோ கிடந்தன. நீ கையாலும் தொடவில்லை. ஒரிஜினல், ஒரிஜினல் என்று நீ சொல்லச் சொல்ல எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அரசாங்கக் கச்சேரியில் என்னோடு வேலை செய்தவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காரைதீவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய தகப்பனிடம் அதே வண்டி இருந்திருக்கிறது. பிஸ்கட் தகரத்துக்குள் துணி சுற்றி வைத்திருந்த காபரேட்டரைச் சும்மாவே தூக்கித் தந்தார். மெக்னெட்டோ தம்பியின் வீட்டில் திருக்கோவிலில் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன், இரண்டு கிழமை கழித்து வாருங்கள் என்றார். திரும்பி வரும் வழியில் நீ சொன்னாய், "நீ அலைய வேணாம் மச்சான், நான் போய் எடுத்து வாறன்." இரண்டு கிழமை கழித்துக் கேட்டேன். "இல்லையாம் மச்சான். தம்பிக்காரன் எப்பவோ வித்திட்டானாம்" என்றாய். சொல்லிவிட்டு ஸ்பனரைத் துடைத்தாய். துடைத்த ஸ்பனரையே இன்னொரு தடவை துடைத்தாய். எனக்கு இது இப்போதுதான் நினைவுக்கு வருகிறதா, அல்லது இப்போதுதான் நான் கற்பனை செய்கிறேனா, தெரியவில்லை.

அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் வாப்பா உயிரோடு இருந்தார்.

ஜும்ஆ முடிந்து வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் நீ எங்கள் வீட்டுக்கு வந்து வேலை செய்வாய். வாப்பாவின் கதிரையை மாமரத்தடிக்குக் கொண்டுவந்து வைப்பேன். நாக்கு இழுத்திருந்ததால் அவர் அதிகம் கதைக்க மாட்டார். ஒரே ஒரு கேள்விதான் ஒவ்வொரு கிழமையும்: "நெருப்பு வந்திட்டா?" நான் பதில் சொல்லும் முன்னமே நீ சொல்லிவிடுவாய், "இன்னும் இல்ல மாமா, வாற மாசம் வந்திரும்." என் உம்மா தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னாய். உன் வீட்டு அலுமாரிக்குள் அது இருந்தது.

கடைசி ரமழானுக்குக் கிட்ட வாப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுக்கத் தொடங்கியது. டாக்டர் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. நான் உன் கராஜுக்கு வந்தேன். ஒரு பெற்றரியும் கொயிலும் வைத்து நெருப்புக் கொடுக்க முடியும்தானே, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வாப்பாவுக்குச் சத்தத்தைக் கேட்கக் கொடுப்போம், அவருக்கு என்ன தெரியவா போகிறது என்றேன். நீ என்னை உற்றுப் பார்த்தாய்.

"டுப்ளிகேட்டப் போட்டு மௌத்தாகப் போற மனிசன ஏமாத்தப் போறியா? அது அவர்ட மோட்டச் சைக்கிளா இரிக்காது மச்சான்."

நான் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தேன். அதுதான் இன்று என்னை அதிகம் எரிக்கிறது. நீ பொய் சொன்னதை விட, நான் வெட்கப்பட்டேன் என்பது. உன்னை நல்ல மனிதன் என்றும் என்னைச் சின்னத்தனமானவன் என்றும் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பதினொரு நாளில் வாப்பா மௌத்தானார். கபுறடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நீ அழுதாய் மச்சான். அந்த அழுகையை நான் என்ன செய்வது?

முந்தாநாள் காரைதீவுக்குப் போனேன். ஆசிரியருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுபிடித்தார். பொதியை அவர் கையில் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஓம் தம்பி, எங்கட அப்பாட சாமான்தான். உங்கட கூட்டாளி சொன்ன நாளுக்கு வந்து கொண்டுபோனவர். ஏன், பூட்டினதில்லையா?" பூட்டினோம் ஐயா, நல்லா ஓடிச்சு, பிறகு கழற்றி வச்சிருக்கிறம் என்று பொய் சொன்னேன். உனக்காகச் சொன்ன பொய் அது. எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவனுக்கு விளங்கும் என்றாயாம். விளங்குகிறது.

நம் ஊரில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது. உன் உம்மா அந்த முறையை மீறி, ஆளனுப்பி, என் தங்கச்சி ஜெஸீமாவை உனக்குக் கேட்டார். முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும். வாப்பா யோசித்தார். உன் மேல் அவருக்கு விருப்பம் இருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டு, "ஒன்ட கூட்டாளிதானே, என்ன சொல்றாய்?" என்று கேட்டார். நான் அப்போதுதான் கச்சேரியில் எழுதுவினைஞராகச் சேர்ந்திருந்தேன். உத்தியோகம் பார்க்கிற ஒருவன் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "நல்ல பொடியன்தான் வாப்பா. ஆனா நம்மட வீட்டுக்குச் சரிவராது" என்றேன். அவ்வளவுதான். வாப்பா மறுநாளே இல்லை என்று சொல்லியனுப்பினார். நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறு வருடம் நிந்தவூரில் கலியாணம் முடித்தாய், நான் உன் பக்கத்தில் சாட்சிக்கு இருந்தேன். ஜெஸீமாவுக்கு நான் பார்த்துக் கொடுத்த உத்தியோகக்காரன் இரண்டு பெண் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் வேறு குடும்பம் தேடிக்கொண்டான். இதுவும் உனக்குத் தெரியும்.

உனக்கு யார் சொன்னது? வாப்பாவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, காரைதீவுக்கு முதன்முதலாகப் போய் வந்த அதே கிழமை, உங்கள் இரண்டு பேரையும் மாமரத்தடியில் விட்டுவிட்டு நான் கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது வாப்பா உன் மணிக்கட்டை இடக்கையால் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விட்டார். நீ அஸர் தொழுகைக்கு முன்னமே வேலை இருக்கிறதென்று எழுந்து போனாய். போகும் வயதில் மனதில் கிடந்த பாரத்தை இறக்கி வைத்திருப்பார் மனிதர். என்னில் பிழையில்லை மகன், ஒன்ட கூட்டாளிதான் வேணாமெண்டவன் என்று.

சரி, அப்படியென்றால் என்னை அடித்திருக்கலாம். ஊர்ப் பள்ளிவாசலில் வைத்துக் கேட்டிருக்கலாம். வாப்பா உனக்கு என்ன செய்தார்? உன்னிடம் உண்மையைச் சொன்னது அவர். நீ அவரை மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு, ஒன்றரை வருடம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து, அவர் கேட்டுக் கேட்டு ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்க்க வேண்டும் என்பதற்காக. ஆனால் நான் எதையும் பார்க்கவில்லையே. நீ கொடுத்த தண்டனை எனக்கு வந்து சேரும்போது மையவாடியில் உன் தலைமாட்டில் மீசான் கட்டை நட்டு ஐந்து மாதம்.

இனி உனக்குத் தெரியாத அந்த ஒன்று.

நேற்றுப் பின்னேரம் ஜெஸீமா வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் இருந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உன் உம்மா ஆளனுப்பியது, நான் வாப்பாவிடம் சொன்னது, நீ சாமானை ஒளித்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லும் எண்ணத்தோடுதான் போனேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"காக்கா, அப்ப என்னட்ட ஆராச்சும் கேட்டீங்களா? கேட்டிருந்தா நானே வேணாமெண்டுதான் சொல்லியிருப்பன். எனக்கு அவரில அப்பிடி ஒரு எண்ணம் ஒரு நாளும் வரல்ல."

அவள் செதிலைத் தட்டிவிட்டுத் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"நீங்க ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நடுவில வாப்பாதான் கதிரையில இருந்த."

கறி வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். நான் இருக்கவில்லை.

நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை மச்சான். நீ அதற்காக எதையும் ஒளித்திருக்கத் தேவையுமில்லை. அவளிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றுமில்லாத ஒன்றுக்காக வாப்பாவை அந்தச் சத்தம் கேட்காமலே அனுப்பி வைத்திருக்கிறோம்.

உன் ஜனாஸாவைத் தொழவைக்க முன் உன் தம்பி எழுந்து நின்றான். காக்கா ஆருக்காவது பிழை செய்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சபையைப் பார்த்துக் கேட்டான். குரல் உடைந்து பாதியில் நின்றுவிட்டது. முன் சஃப்பு வரிசையில் நின்ற நான்தான், அவனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, எல்லாருக்கும் முன்னம் சத்தமாகச் சொன்னேன்: "பொறுத்துக்கொண்டம்." பிறகுதான் சபை சொன்னது.

அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று எந்த மௌலவியிடமும் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். சொன்னது சொன்னதுதான். எதைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று தெரியாமல் பொறுத்த அந்த ஒரு சொல்லோடுதான் என் மிச்ச நாளைக் கழிக்க வேண்டும். உன்னிடம் அதே சொல்லை வாங்க எனக்கு முப்பது வருடம் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ என் வீட்டு முற்றத்தில் இருந்தாய். நான் கேட்கவில்லை.