நிறுத்த மணிக்குப் பிறகு

மே 26, திங்கள்

இன்று முதல் மேலே. பதினான்கு வருஷம் படகின் அடியில் எஞ்சினோடு கிடந்தவன், இப்போது படகோட்டும் ஸ்ராங்க் வேலைக்காகச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் நிற்கிறேன். லதிகா சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஒன்பது நாற்பதுக்குக் கிழக்கேத்துறையில் படகை இடித்தேன்.

படகு ஸ்டேஷன் மாஸ்டர் மத்தாயி சார் முதலிலேயே சொல்லிவிட்டார். இரண்டு வாரம் சோதனை, கடைசியில் அவரே வந்து பார்ப்பார். மூன்று இடி வரை பொறுப்பார். நான்காவது இடித்தால் திரும்ப எஞ்சின் அறை.

எஞ்சின் அறைக்குத் திரும்ப முடியாது. இடது காது போய்விட்டது. இன்னும் ஒரு வருஷம் அந்தச் சத்தத்தில் இருந்தால் வலதும் போகும் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். இப்போதே லதிகா கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் எங்களுக்குள் தினமும் சண்டை என்று நினைக்கிறார்கள்.

மே 27

மறுபடி இடித்தேன். அதே துறை.

துறை வந்தது, நிறுத்த மணிக் கயிற்றை இழுத்தேன். கீழே எஞ்சின் டிரைவர் ஷைஜு உடனே கியரை நியூட்ரலுக்கு விட்டான். அவன் மேல் குற்றம் இல்லை. படகு மட்டும் கேட்கவில்லை.

கயிறு போடுகிற பென்னி சொன்னான்: "சுகதன் சேட்டா, எஞ்சின்கிட்ட சொல்லிட்டீங்க. படகுகிட்ட யாரு சொன்னது?"

கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் — கீழே இருந்தபோது நிறுத்த மணி கேட்டால் நான் என்ன செய்வேன்? கியரை விடுவேன், பிளாஸ்கைத் திறப்பேன். என் வேலை முடிந்தது, அதனால் படகும் முடித்துக்கொண்டது என்று நினைப்பு. அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் போனது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அங்கே பார்க்க ஜன்னலும் இல்லை. அரை கிளாஸ் கட்டன் சாயா குடிக்கிற தூரம், அவ்வளவுதான் தெரியும்.

என் எஞ்சின் தள்ளுவதால்தான் படகு போகிறது என்று இத்தனை வருஷம் ஒரு பெருமை. இப்போது பார்த்தால் தள்ளுவதை நிறுத்திய பிறகும் போகிறது. யார் தள்ளுகிறார்கள்? யாரும் இல்லை. கிளம்பிய பிறகு போய்க்கொண்டிருக்க அதற்கு ஆள் தேவையில்லை, நிறுத்தத்தான் தேவை.

மே 28

மீன் விற்கிற ஏலிக்குட்டி சேச்சி முன் பெஞ்சில் உட்காருவார். இன்று கவனித்தேன். கிழக்கேத்துறைக்கு முன்னால் கரையில் ஒரு நீல வீடு வந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எழுந்து நிற்கிறார். ஏன் அங்கே என்று கேட்டேன்.

"பழைய ஸ்ராங்க் அங்கதான் மணியடிப்பாரு. அவரு ரிட்டயர் ஆயிட்டாரு. என் காலு இன்னும் ஆகலையே."

மாலையில் அவர் எழுந்ததும் மணி அடித்தேன். படகு துறையை மெல்லத் தொட்டு நின்றது. இவ்வளவுதானா?

மே 30

ஏலிக்குட்டி எழுந்தார், அடித்தேன், நின்றது. நேற்றும் அப்படித்தான். எனக்குக் கைவந்துவிட்டது.

ஜூன் 2, திங்கள்

கைவரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த நாள். தொண்ணூறு பிள்ளைகள், தொண்ணூறு பை, தொண்ணூறு குடை. ஏலிக்குட்டி அதே நீல வீட்டில் எழுந்தார். நான் அதே இடத்தில் அடித்தேன். படகு என்னைச் சட்டை செய்யாமல் போய்க்கொண்டே இருந்தது. பின்வாங்கும் மணி அடித்தேன். ஷைஜு பிளாஸ்கைத் திறந்திருந்தான். அவனை நான் எப்படித் திட்டுவது?

இடித்ததும் படகு நின்றது. மத்தி நிற்கவில்லை. கூடையிலிருந்து நேராகப் போய் ஒரு டீச்சரின் மடியில் விழுந்தது.

ஏலிக்குட்டி கத்தினார்: "படகை நிறுத்திட்ட, சரி. என் மீனை யாருடா நிறுத்துவா?"

மூன்று ஆகிவிட்டது. பயமாக இருக்கிறது.

ஜூன் 3

தூக்கமில்லை. லதிகா ஏதோ கேட்டாள். இடது பக்கம் நின்று கேட்டாள் போல, எனக்குத் தெரியவில்லை.

காலிப் படகைப் பென்னி ஒற்றைக் கையால் இழுத்துப் பிடிப்பான். நிறைந்த படகென்றால் அத்தனை பேரையும் சேர்த்தல்லவா பிடிக்க வேண்டும்? நீல வீடு காலிப் படகுக்கு. பிள்ளைகள் ஏறினால் அதற்கும் வெகுமுன்னால், கள்ளுப்பானை கட்டிய தென்னை.

இன்று எனக்கு மதியப் படகுதான்; காலியாகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. நாளைக் காலை பார்க்க வேண்டும்.

ஜூன் 4

தென்னை சரி. தப்பித்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மத்தாயி சார் காலைப் படகில் ஏறினார், பிள்ளைகளோடு. போதாததற்கு ஒரு கல்யாணக் கோஷ்டி, பாத்திரங்களோடு.

தென்னை போதாது. அதற்கும் முன்னால், கண்ணில் பட்ட குருசடியிலேயே, கரையில் சிலுவை நிற்கும் இடத்திலேயே, அடித்தேன்.

உட்கார்ந்தபடியே ஏலிக்குட்டி திரும்பினார்: "என்னடா, டீசல் தீந்துபோச்சா?"

மத்தாயி சார்: "சுகதா, துறை அங்க இருக்கு."

என் கை தானாகவே கயிற்றுக்குப் போனது, இன்னொரு மணி அடித்து முன்னால் தள்ளச் சொல்ல. பிடித்து வைத்துக்கொண்டேன். யாரும் தள்ளாமல் தென்னையைத் தாண்டினோம். நீல வீட்டில் ஏலிக்குட்டியின் கால் எழுந்தது. துறையில் பென்னி கயிற்றை வீசவில்லை, கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

ஏலிக்குட்டி கூடைக்குள் பார்த்தார். "அப்படியே இருக்கு," என்றார், குறை சொல்வது போல.

மத்தாயி சார் இறங்கிப் போனார்.

ஜூன் 9

உத்தரவு வந்தது. இனி நான் ஸ்ராங்க்.

ஷைஜு கீழிருந்து கேட்டான்: "சேட்டா, மணி அடிச்சப்புறம் சாயா குடிக்கலாமா?" ஒரு கையால் குடி, மறு கை கியரில் இருக்கட்டும் என்றேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பின் லதிகாவிடம் சொன்னேன். நிறுத்த மணி அடித்த பிறகு துறை வரும்வரை படகுக்கடியில் தண்ணீர் ஓடுவது கேட்கிறது என்று. பதினான்கு வருஷம் எனக்கு மேலே எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

"எப்படி இருக்கும் அந்தச் சத்தம்?" என்று என் வலது பக்கம் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

கத்தாமல் கேட்டாள்.