சிகாகோவுக்கு இரண்டு டிக்கெட்

என் செண்பகத்துக்கு,

சிகாகோ போய், நம் பேரனைப் பார்த்துவிட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. உரக்கடையைத் திறந்துவிட்டேன். போன கதையைச் சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

மகள் உமாவின் பிரசவத்துக்கு நாம் இருவரும் போவதாகத்தானே இருந்தது? விசா வாங்கி, பெட்டி கட்டிய பிறகும் நீ பயந்துகொண்டே இருந்தாய். "ஏங்க, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அந்தரத்துலயே போகணுமா? கடலுக்கு மேல கோளாறு ஆச்சுன்னா எங்கன இறக்குவான்?"

"பக்கத்துல நான்தான இருப்பேன்" என்றேன். அடுத்த வாரம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் போய்விட்டாய்.

எட்டு மாத வயிற்றோடு அவ்வளவு நேரம் விமானத்தில் உட்காரக் கூடாது என்று உமாவை அங்கே டாக்டர்கள் தடுத்துவிட்டார்கள். "அம்மா மூஞ்சிய நான் பாக்க வேண்டாமாப்பா?" என்று போனில் கேட்டாள். அதற்குள் அவள் போன் கார்டில் காசு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது.

சென்னை ஏர்போர்ட் கவுன்ட்டரில் அந்தப் பெண், "ரெண்டு டிக்கெட் இருக்கே சார், மேடம் எங்க?" என்றாள்.

"அவ வரலம்மா."

உன் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல், செண்பகம். நடுவில் ஜெர்மனியில் விமானம் மாற வேண்டும். போகவேண்டிய தூரம் திரையில் குறையக் குறைய, உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற மாதிரியே இருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, "இது காலியா அங்கிள்?" என்றாள். ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தேன். அந்தப் பிள்ளை ஜெர்மனிவரை உன் இடத்தில் தூங்கிக்கொண்டு வந்தது.

சிகாகோவில் உமா வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தவள், ஒரு கணம் எனக்குப் பின்னாலும் பார்த்தாள். எல்லாம் தெரிந்துதான் பார்த்தாள். அதற்கு நான் என்ன செய்ய?

பேரன் பிறந்தான்; அவனுக்கு உன் நெற்றி. பிள்ளைத்தாய்ச்சி அழக்கூடாது, பச்சை உடம்புக்காரி அழக்கூடாது என்று ஆளாளுக்குச் சொல்லி, உமா அழவே இல்லை. நான் கிளம்பும் அன்று ஏர்போர்ட்டில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கயே இருந்திருங்கப்பா. அங்கன தனியா என்ன செய்வீங்க?"

"கடை இருக்குல்லா தாயி."

"அப்பம் ஆவணில நான் வாரேன். அம்மாவ எரிச்ச எடத்துக்கு மொதல்ல கூட்டிட்டுப் போவீங்களா?"

கடை இருக்கிறது. மத்தியானம் வீட்டுக்கு வந்தால், நான் பூட்டிய பூட்டை நானே திறக்கிறேன். ஒரு ஆளுக்கு அரிசி போடும் அளவு இன்னும் பிடிபடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் நேற்றுக் கேட்டார்: "அமெரிக்கா ரொம்பத் தூரமோ அண்ணாச்சி?"

"ஒரு நாள்ல போயிரலாம்" என்றேன். பூட்டைத் திறந்து உள்ளே போனேன்.

ஆவணியில் சென்னைக்குப் போய் நானே மகளையும் பேரனையும் கூட்டிவருவேன். ரயிலைவிட்டு இறங்கியதும், வீட்டுக்குக்கூடப் போகாமல் உமாவை உன்னிடம் அழைத்து வருவேன். சுடுகாட்டு உடைமர நிழலில் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பேன். "அழாத தாயி" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவள் அழுது முடிக்கிறவரை அங்கேயே நிற்பேன்.

உன் வீட்டுக்காரன்,
உமாவின் அப்பா