உடும்பின் மணிக்கட்டு

மார்ச் 4, செவ்வாய்

புது மாடல் கைத்துப்பாக்கிகள் நாற்பதுக்கு, சரியாக இருக்கின்றன என்று இன்று கையெழுத்துப் போட்டேன். எல்லாம் பிளாஸ்டிக் உடல். மாதிரிக்கு இரண்டை எடுத்து, கைக்குப் பதிலாகத் துப்பாக்கியைப் பிடிக்கும் இரும்புப் பிடிப்பானில் பூட்டி, ஒவ்வொன்றிலும் ஐயாயிரம் தோட்டா சுட்டாயிற்று. ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

மார்ச் 6

மகள் போன் செய்தாள். போலீசில் அவளுக்குக் கொடுத்திருப்பதும் எங்கள் புது மாடல்தான். சுடும் தேர்வில் இரண்டு முறையும் சிக்கிக்கொண்டதாம். சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே தெறிக்காமல் வாயிலேயே நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை ஃபெயிலானா ஆபீஸ்ல உக்கார வச்சிருவாங்கம்மா."

"மணிக்கட்ட இறுக்கிப் பிடிடி. உன் பிடி தளர்ந்திருக்கு, அவ்வளவுதான். துப்பாக்கி நான் பாத்து அனுப்புனது."

"உனக்கு எப்பவும் துப்பாக்கிதான் மூத்த பொண்ணு." வைத்துவிட்டாள்.

மார்ச் 7

மகளுக்கு மூன்று தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருக்கிறார். போன வருடம் பக்கவாதம் வந்து போனதிலிருந்து வலது கைக்கு வேலை இதுதான். இருபத்தெட்டு வருடம் எங்கள் தொழிற்சாலையில் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்த ஆள் இவர். பிடித்தால் விடாத கை என்பதால் எல்லோருக்கும் இவர் உடும்பு. இப்போது ஜாம் பாட்டில் மூடி இவரை ஜெயிக்கிறது.

நான் பரிசோதகராக அளவு பார்க்கும் மேசையில் சேர்ந்த புதிதில் துப்பாக்கிகள் முழு இரும்பு. மேலே நகரும் ஸ்லைடையும் குழலையும் அரம் போட்டு ஒன்றுக்கொன்று பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணைக் குத்துவார்கள். ஒன்றின் குழல் இன்னொன்றில் உட்காராது. இப்போது எதை எடுத்து எதில் போட்டாலும் சேர்கிறது. அது நல்லதுதான். அந்தக் காலத்துச் சரக்கில் பாதி மழைக்கு முன்பே துருப்பிடிக்கும், மறக்கக் கூடாது. ஆனாலும் காலையில் எண்ணெய் வாசனையோடு கதவு திறக்குமே — அது மட்டும் இந்தப் பிளாஸ்டிக்கில் வராது.

சுடுமிடத்தில் காதை மூடியிருப்போம், பேச்சே கிடையாது. குறை எத்தனை என்று இவர் விரலால் காட்டுவார். ஒருநாள் பத்துத் தோட்டா முடிந்தும் விரல் தூக்கவில்லை. சோதனைத் தாளை நீட்டினார். குறை என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: "பரிசோதகர் சிரிப்பதில்லை."

என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் அன்று. வேறு தாளில் சுத்தமாக எழுதிக் கோப்பில் வைத்தேன். பழையது என் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்கு வந்தது. இன்னும் அலமாரியில் இருக்கிறது.

மார்ச் 12

இரும்பு மாடலை நிறுத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழா. பழைய ஆட்கள் வந்து கடைசியாகச் சுடலாம். டாக்டர் சரி சொல்லிவிட்டார். இவர் இப்போதே சட்டை தேடுகிறார்.

மார்ச் 14, வெள்ளி

இவர் பிடியில் வலு இல்லை. சுடுமிடப் பொறுப்பாளர் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றார். இரும்புத் துப்பாக்கியில் ஐந்து தோட்டா. ஐந்து உறையும் சுவரில் போய் விழுந்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

"அந்தப் புதுசையும் ஒரு கை பாக்கட்டுமா?" என்றார் இவர்.

இரண்டாவது தோட்டாவில் சிக்கியது. எடுத்துச் சரிசெய்து கொடுத்தோம். மறுபடியும். என் நாற்பதிலிருந்து வேறொன்றை எடுத்து வந்தேன். அதுவும்.

"சாரோட பிடி தளர்ந்திருக்கு, அவ்வளவுதான்," என்றார் மேனேஜர்.

வார்த்தை மாறாமல் நான் மகளிடம் சொன்னது.

இவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார். "இருபத்தெட்டு வருஷமா நாம சோதிச்சது துப்பாக்கிய இல்ல போலிருக்கு. என் பிடியத்தான்."

சுடும்போது வரும் உதைப்பை இரும்பின் கனம் தானே தாங்கிக்கொள்ளும். இந்த லேசான உடல், மணிக்கட்டு தளர்ந்தால் கையோடு சேர்ந்து பின்னால் போய்விடுகிறது. ஸ்லைடு முழுத் தூரம் ஓடுவதில்லை, உறை மாட்டிக்கொள்கிறது. பிடிப்பானில் ஏன் தெரியவில்லை? ஏனென்றால் இவர் வேலையை விட்டபோது பிடிப்பான் செய்தவரிடம் நான்தான் சொன்னேன்: "எங்க வீட்டுக்காரர் பிடிக்கிற மாதிரி இறுக்கிக் குடுங்க." ஆசையாகச் சொன்னேன். பாவி. அடிபட்ட போலீஸ்காரருக்கு, ஓடிக் களைத்த பெண்ணுக்கு உடும்புப் பிடி எங்கிருந்து வரும்? தேர்வு போனால் போகட்டும் — தெருவில் எவனாவது எதிரே நிற்கும்போது சிக்கியிருந்தால்?

மார்ச் 15

கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். போலீசுக்கு ஏற்கெனவே போனவற்றையும் திரும்ப வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

"உங்க வீட்டுக்காரர் கைக்காக லைன நிறுத்தச் சொல்றீங்களா?" மேனேஜர் கேட்டார்.

"ஆமா சார். அந்த மாதிரிக் கைதான் வெளிய நிறைய இருக்கு."

மகளுக்குச் செய்தி அனுப்பினேன். தப்பு உன்மேல் இல்லை, என்மேல், மன்னித்துவிடு என்று. பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு எழுத இத்தனை நேரம் ஆகும் என்று தெரியாது.

மார்ச் 16

"சாப்டியாம்மா?" என்று மட்டும் பதில். போதும்.

ஏப்ரல் 2

தளர்ந்த பிடியிலும் ஸ்லைடு முழுத் தூரம் ஓட, அதன் ஸ்பிரிங்கை மாற்றிப் பார்க்கிறோம். முதலாவது ரொம்ப லேசு, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளவில்லை. இரண்டாவது சுமார். மூன்றாவது பரவாயில்லை.

ஏப்ரல் 17

மூன்றாவது ஸ்பிரிங் போட்ட துப்பாக்கியில் மகள் பாஸ். "இறுக்கிப் பிடிக்கலம்மா, சும்மா பிடிச்சேன்," என்கிறாள். வேண்டுமென்றேதான்.

ஏப்ரல் 25, வெள்ளி

சோதனைத் தாளில் 'தளர்ந்த பிடி' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. வெள்ளிதோறும் அதற்கு இவர் வருகிறார். அதே சட்டை.

இன்று ஐம்பது தோட்டா, ஒன்றும் சிக்கவில்லை. காதை மூடியபடி விரலுக்காகக் காத்திருந்தேன். விரல் தூக்கவில்லை. தாளை நீட்டினார். குறை என்ற கட்டத்தில், கோணல்மாணலாக: "பரிசோதகர் இன்னும் சிரிப்பதில்லை."

வேறு தாள் எடுக்கவில்லை. அதன் கீழேயே கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டேன்.