கோமதியோடு பேசிய பாஷை

நேற்று பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். கோமதியைச் சேர்க்கக் கேட்டிருக்கும் விடுதியில், அவளை முதன்முதலாக டாக்டரிடம் காட்டியபோது தந்த சீட்டு வேண்டும் என்றார்கள். சீட்டு கிடைத்தது. அதற்கு அடியில் உங்கள் நீள நோட்டும் இருந்தது. அட்டையில் இன்னும் ஃபாக்டரி எண்ணெய் வாசம். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது, அந்த வாசம் மட்டும் போகவில்லை.

அப்போது நம் கோமதிக்கு நாலரை வயது. உங்கள் வேலைக்காகத் திருநெல்வேலியை விட்டு இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்திருந்தோம். ஃபாக்டரி டிஸ்பென்சரி டாக்டர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். ஐந்து வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். எத்தனை மாதத்தில் உட்கார்ந்தாள், எப்போது நடந்தாள், என்னென்ன வார்த்தை பேசினாள், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள் என்றார். அன்று மாலையே நீங்கள் நோட்டு வாங்கி வந்தீர்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் உங்களுக்கு வேலை. மயிரிழை பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்று பட்டறை முழுக்கப் பேர். முதல் பக்கங்கள் அந்தக் கை எழுதியவைதான். ‘ஒன்றேகால் வயது: காக்கா, பால், தா. ஒன்றேமுக்கால்: பால் மட்டும். இரண்டு: ஒன்றும் இல்லை.’

மூன்றாவது வாரத்தில் எழுதுவதை விட்டுவிட்டுப் பழக்க ஆரம்பித்தீர்கள். காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் கை கழுவிவிட்டுத் தரையில் உட்காருவீர்கள். ஃபாக்டரித் தச்சர் இழைத்துக் கொடுத்த மரக்கட்டைகளை அவள் முன்னால் வைத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கச் சொல்லுவீர்கள். அவள் அவற்றைச் சுவரோரம் வரிசையாக வைப்பாள். நீங்கள் கலைப்பீர்கள். அவள் மறுபடி வரிசை வைப்பாள். ஒரு நாள் அவள் மோவாயைப் பிடித்து முகத்தை உங்கள் பக்கம் திருப்பினீர்கள். அவள் வீரிட்டுக் கத்தித் தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டாள்.

“விட்டுருங்க. அவ என்ன பரீச்சைக்கா போறா?” என்றேன்.

“பரீச்சைதாம்ளா. இதுல தவறிட்டா மறுபடி எழுத முடியாது.”

போவதற்கு முந்தின நாள் மதியம், பையில் வைப்பதற்கு முன் நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ‘கேட்டால் அப்பா என்கிறாள்.’

“எப்பங்க சொன்னா?”

“நேத்து. நீ கடைக்குப் போயிருந்தேல்லா, அப்ப.”

ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தீர்கள். தலையை நிமிர்த்தவில்லை. முந்தின நாள் நான் வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. அது உங்களுக்கும் தெரியும். நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை கோமதிக்குப் புது ஃபிராக் போட்டதும் தையல் உறுத்தி அலறினாள். பழைய ஃபிராக்கை உள்வெளியாகத் திருப்பிப் போட்டேன். பஸ்ஸில் சிலர் பார்த்தார்கள். பையில் அவள் சுழற்றி விளையாடும் எவர்சில்வர் மூடி, இன்னொரு ஜட்டி, தயிர்சாதம், நோட்டு. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டரம்மாவுக்கு வயதாகியிருந்தது. கடுமையாகப் பேசவில்லை. கட்டைகளை வைத்தார், மணியை அடித்தார், ஒரு பொம்மையை நீட்டினார். கோமதி மேலே சுற்றும் ஃபேனைத்தான் பார்த்தாள். நீங்கள் நோட்டிலிருந்து ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். கடைசி வரியில் அவர் நிமிர்ந்தார்.

“அப்பா அண்டுந்தா? பேஷ்! ஒக்கசாரி பிலவமனண்டி.” அப்பா என்கிறாளா, ஒரு முறை கூப்பிடச் சொல்லுங்கள் என்றார்.

நீங்கள் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தீர்கள். “கோமதி, நான் யாரு? சொல்லும்மா. ஒரே ஒரு தடவ. நான் யாரும்மா?”

மூன்று முறை கேட்டீர்கள். அவள் உங்கள் தோளைத் தாண்டிக் கை நீட்டி டாக்டரம்மாவின் பேனா மூடியை எடுத்துச் சுழற்றினாள்.

எழுந்து நின்றீர்கள். “நோ, மேடம். ஐ ரோட் இட் மைசெல்ஃப். ஷி ஹாஸ் நெவர் செட் இட். மை வைஃப் டஸ் நாட் நோ.” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை ஒரே கோடாக அடித்து, ஃபாக்டரியில் செய்வதுபோலப் பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டீர்கள். என் மனைவிக்குத் தெரியாது என்று நீங்கள் சொன்னது புரிகிற அளவுக்கு எனக்கும் ஆங்கிலம் தெரியும். எனக்கும் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஆட்டிசம் என்றார் அவர். நாம் கேள்விப்படாத சொல். எழுத்துக்கூட்டச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். மருந்து இல்லை என்றார். இவளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடம் இந்த ஊரில் தனக்குத் தெரிந்து இல்லை என்றார். பிறகு, வீட்டில் எத்தனை பாஷை என்று கேட்டார். நமக்குள் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, தெருவில் ஹிந்தி என்றோம். இத்தனையும் இவள் தலைக்குள் ஏறாது, ஒரே பாஷை வைத்துக்கொள்ளுங்கள், இவள் இருக்கப்போவது இங்கேதானே, தெலுங்கே பேசுங்கள் என்றார்.

அவர் சொன்னதில் நாம் செய்யக்கூடியது அது ஒன்றுதான். அதனால் அதை வெறியோடு செய்தீர்கள். மறுநாளிலிருந்து அவள் காதில் தமிழ் விழக்கூடாது. நமக்குள் பேச வேண்டுமென்றால் கொல்லைப்புறத்துத் துவைகல்லுக்குப் போனோம். நான் அடுத்த வீட்டு லட்சுமம்மாவிடம் ஒழுங்காகத் தெலுங்கு கற்றுக்கொண்டேன். உங்களுக்குத் திருநெல்வேலி நாக்கு புரளவே இல்லை. “இதேம் தெலுகண்டி!”, இது என்ன தெலுங்கு என்று லட்சுமம்மா வாயைப் பொத்திச் சிரிப்பாள். நீங்கள் விடவில்லை. ஒன்பது வருடம் அந்த ஓட்டைத் தெலுங்கில் அவளுக்குச் சோறு ஊட்டினீர்கள், குளிப்பாட்டினீர்கள், கெஞ்சினீர்கள். அந்த பாஷையிலும் அவள் அப்பா என்று சொல்லவில்லை.

இரண்டு வருடம் முன்பு, வேறோர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த புது டாக்டர், தமிழ் பேசியிருந்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காதே என்று சாதாரணமாகச் சொன்னார். திரும்பும்போது பஸ் போலாரம் தாண்டிய பிறகு சொன்னீர்கள்: “அப்பம் நம்ம பாஷையையும் அவகிட்டேருந்து நான்தான் பறிச்சிருக்கேன்.” மறு வருட மழையில், ஷிப்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள்.

உங்கள் காரியத்துக்கு ஊருக்குப் போனபோது, “இங்கயே இருந்துரு, பாத்துக்கிடலாம்” என்றான் என் தம்பி. நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அங்கே யார் பேசியதும் கோமதிக்குப் புரியவில்லை. பதினாறு நாளும் நெல்மூட்டைக்குப் பின்னால் ஒண்டியே இருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். இப்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இன்னும் இரண்டு மாதம்தான் தவணை. எனக்கு டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை தருகிறார்கள். பகலெல்லாம் அவளைப் பார்க்க ஆள் இல்லை. அதனால்தான் இந்த விடுதி.

இன்று அவளை அங்கே கூட்டிப் போனேன். விடுதித் தலைவி அவளிடம் நல்ல தெலுங்கில், “செப்புலு வேஸ்கோ தல்லி” என்று செருப்பைப் போடச் சொன்னாள். கோமதி அசையவில்லை. இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, இவளுக்குக் காது கேட்கிறதா என்றாள். நானும் லட்சுமம்மா கற்றுத்தந்த தெலுங்கில் சொன்னேன். வீட்டில் அதற்குக் கேட்பவள், அந்தப் புது இடத்தில் அதற்கும் அசையவில்லை. கடைசியில் உங்களைப் போலவே, உங்கள் இழுப்போடு, “செப்புலு வேசுக்கிடும்மா” என்றேன். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தலைவி காகிதத்தை எடுத்து, அது எந்த பாஷை என்று கேட்டாள். எழுதிக்கொள்ளச் சொல்லி, நீங்கள் சொல்வதுபோலவே ஒன்றொன்றாகச் சொன்னேன். சாப்பிட, குளிக்க, படுக்க, பயப்படாமல் இருக்க. அவள் அக்கறையோடு எழுதினாள், ஆனால் எழுதும்போதே ஒவ்வொன்றையும் திருத்திச் சரியான தெலுங்காக எழுதினாள். அடுத்த மாதம் சேர்த்துக்கொள்கிறார்களாம். நீங்கள் பேசிய தப்பை அதே தப்போடு சொல்ல, இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.